படவில்லையில் ஊர்மன்றம்

நுழையும்முன்
பயணிகள் நினைவுப்பொருளாக வாங்கிச் சென்ற பழைய படங்களை ஊர் வரலாற்றுச் சான்றாகப் படிக்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

மக்கள் கூடும் பொதுவெளி தமிழருக்குப் புதிதன்று. புகார் நகரின் ஐவகை மன்றங்களைச் சிலப்பதிகாரம் குறிப்பிடுகிறது. அவற்றுள் ஒன்று பூதசதுக்கம். மேலைநாட்டு நகரங்களில் சதுக்கம் என்பது கட்டடங்கள் சூழ்ந்த திறந்தவெளி. திருநெல்வேலியிலோ நடுவில் கோவிலும் அதனைச் சுற்றித் தெருவுமாக அது அமைந்துள்ளது. நெல்லையப்பர் கோவிலைச் சூழ்ந்த நான்கு ரத வீதிகளே அவ்வூரின் மன்றம். ஆனித் தேரோட்டத்தில் வடம்பிடிக்கும் கூட்டம் நிறைந்த அதே தெரு, ஏனைய நாள்களில் கடைத்தெருவாகிவிடும்.

இத்தகைய இடங்களைப் படமாக்கும் முயற்சி தமிழகத்தில் விரைவிலேயே தொடங்கியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்கலைஞராக 1856இல் அமர்த்தப்பட்ட லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரை, தஞ்சாவூர்ப் படங்கள் 1858இல் தொகுதிகளாக வெளிவந்தன. அவர் பயன்படுத்திய தாள் நெகட்டிவில் உருவம் பதிய நெடுநேரம் ஒளி பட வேண்டும். அசையாத தூண்கள் தெளிவாகப் பதிந்தன. நடமாடிய மாந்தர் பதியவில்லை. அப்படங்களைக் கண்டு மதுரை ஆளரவமற்றுக் கிடந்தது என்று எண்ணுதல் பேதைமை.

1936இல் 35 மி.மீ. கோடாக்குரோம் படச்சுருள் வந்தபின், 'ஸ்லைடு' எனப்படும் வண்ணப் படவில்லை பரவியது. உலகின் சுற்றுலா நகரங்களில் சதுக்கம், கோபுரம், பாலம் ஆகியன படவில்லைத் தொகுதிகளாக விற்கப்பட்டன. மலிவான படச்சுருளில் படியெடுக்கப்பட்டவற்றுள் பல இன்று செந்நிறமாக மங்கிவிட்டன. இருளில் வைத்துக் காக்கப்பட்ட கோடாக்குரோம் படங்களோ பெரும்பாலும் நிறம் மாறவில்லை. ஆகவே, சிவந்த வானத்தைக் கண்டவுடன் மாலைப்பொழுது எனக் குறித்தல் கூடாது. நிழலைக் காண வேண்டும். கிழக்குக் கோபுரத்தின் நிழல் கிழக்கே சுவாமி சன்னதித் தெருவின்மீது விழுந்திருந்தால் அது பிற்பகல்.

படவில்லையை இருபுறமும் நோக்கலாம் என்பதால் இடவலம் மாறிப்போதல் எளிது. மாறிய படத்தில் கீழரத வீதி மேலரத வீதியாகத் தோன்றி ஆய்வாளரை ஏமாற்றும். கடைப்பலகையின் எழுத்து அதனைக் காட்டிக்கொடுக்கும். அப்பலகை காலத்தையும் சொல்லக்கூடும். 'நெல்லை' என்னும் பெயரிலுள்ள லகர ஐகாரம், 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முன்பு யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்புடன் எழுதப்பட்டது. இற்றை வடிவில் இருப்பின் படம் பெரும்பாலும் 1978க்குப் பிற்பட்டது. பழைய வடிவத்தைக் கொண்டு அவ்வாறு துணிய இயலாது. பழம்பலகையை மாற்றாத வணிகர் எவ்வூரிலும் உண்டு.

தாமிரபரணியின் குறுக்கே சுலோசன முதலியாரின் பொருட்கொடையால் எழுந்து 1843இல் திறக்கப்பட்ட பாலம், பின்னர் அகலப்படுத்தப்பட்டது. அதன் பழைய அகலத்தையும், மாட்டுவண்டியும் பாதசாரியும் அதனைப் பகிர்ந்துகொண்ட விதத்தையும் கண்ணால் அறியப் பழம்படமே வழி.

படவீழ்த்தி பழுதானபின் படவில்லைப் பெட்டியைப் பழைய பொருளோடு எடைக்குப் போட்டுவிடுவோர் உளர். ஈரமும் வெப்பமும் எஞ்சியவற்றில் பூசணம் படரச் செய்கின்றன. கணினியில் நகலெடுப்போரும் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அட்டைச் சட்டத்தை எறிந்துவிடுகின்றனர். ஊர்ப்பெயரும் நாளும் பென்சிலால் எழுதப்பட்டிருப்பது அச்சட்டத்தின் ஓரத்தில்தான்.