கடலின் உரத்தை மலைக்கு ஏற்றும் மீன்

மேட்டு நிலத்துச் சத்தை ஆறு கரைத்துக் கடலில் சேர்க்கிறது என்பதை விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். அவ்வாறு சென்ற சத்து மீண்டும் மலையேறி வருவதுண்டோ? உண்டு. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அப்பணியைச் செய்வது ஸால்மன் என்னும் மீனாகும்.

பசிபிக் ஸால்மன் குளிர்ந்த மலையோடைகளில், கூழாங்கற்களுக்கிடையே பொரிக்கிறது. பின்னர் மகாசமுத்திரத்தை அடைந்து சில ஆண்டுகள் இரை தேடி வளர்கிறது. அதன் எடையில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் கடலில் சேர்ந்ததே. முதிர்ந்ததும் தான் பிறந்த ஓடையை நாடி, வெள்ளத்தை எதிர்த்து ஏறி வந்து முட்டையிட்டு மடிகிறது.

மடிந்த மீன் வீணாவதில்லை. அதன் தழைச்சத்தும் மணிச்சத்தும் நீரில் கரைந்து பாசியை வளர்க்கின்றன. பாசியை உண்ணும் பூச்சிகள் மீன் குஞ்சுகளுக்கு இரையாகின்றன. கரடிகளோ மீனைக் கவ்விச் சென்று கரையில் தின்று, மிச்சத்தைக் காட்டுக்கு எருவாக விடுகின்றன. இது வெறும் ஊகமன்று. கடலிலிருந்து வரும் தழைச்சத்தில் நைட்ரஜன்-15 என்னும் கனமான அணு சற்று மிகுதி. அம்மிகுதியைக் கரையோர மரங்களின் இலைகளில் விஞ்ஞானிகள் கண்டனர்.

ஆனால் அணைகளாலும் அளவு மீறிய மீன்பிடிப்பாலும் இவ்வரவு குன்றியது. முன்பு வந்த சத்தில் நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கே அப்பகுதி ஆறுகளுக்கு வருவதாக 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

வாஷிங்டன் மாகாணத்து எல்வா நதி இதற்குச் சான்று. மீன் ஏற வழி வைக்கவேண்டுமென்று சட்டம் இருந்தும், அவ்வழியின்றி 1913-இலும் 1927-இலும் மின்சாரத்திற்காக இரு அணைகள் எழுந்தன. சுமார் 110 கிலோமீட்டர் நீர்வழி மீனுக்கு அடைபட்டது. மீனை நம்பி வாழ்ந்த கிளாலம் பூர்வகுடியினர் வாழ்வும் தளர்ந்தது. 1992-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நதியைச் சீர்செய்யச் சட்டமியற்றியது. 2011 முதல் 2014 வரை இரு அணைகளும் அகற்றப்பட்டன. ஸால்மன் மீண்டும் மேலேறியது. ஆற்றோரப் பறவைகளின் உடலில் கடற்சத்து தோன்றியதை 2015-இல் வெளியான ஆய்வு எடுத்துரைத்தது.

அணை கட்டியவர்கள் கீழே வரும் நீரைக் கணக்கிட்டனர்; மேலே செல்லும் உரத்தைக் கணக்கிடவில்லை. ஆற்றின் குறுக்கே எதைக் கட்டுவதானாலும் இவ்விரு கணக்கையும் முன்னதாகவே பார்த்துவிடுதல் நலம்.