கல்லாவில் இருப்பதெல்லாம் லாபமா? நீராவி வயல் தரும் பாடம்



மொத்த வியாபாரத்தில் நாங்கள் கண்ட உண்மை ஒன்று உண்டு. குடோன் நிறையச் சரக்கு இருக்கும். ஆனால் புரட்டுவதற்குக் கையில் ரொக்கம் இராது. கல்லாவில் விழுந்ததையெல்லாம் லாபம் என்று எடுத்துச் செலவழித்ததே காரணம். மின்சார உற்பத்தியிலும் இப்படி ஒன்று நடந்திருக்கிறது.

அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே ‘தி கீசர்ஸ்’ என்ற மலைப்பகுதி இருக்கிறது. அங்கே பூமிக்கடியில் பாறை கடும் சூடாக உள்ளது. அதன் வெடிப்புகளில் நீராவி நிறைந்திருக்கிறது. ஆழ்துளைக் கிணறு போட்டு, அந்த நீராவியால் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் எடுக்கிறார்கள். நிலக்கரி வேண்டாம், எண்ணெய் வேண்டாம்.

1960இல் 11 மெகாவாட்டில் தொடங்கிய தொழில் இது. ஆதாயம் கண்டு பல கம்பெனிகள் இறங்கின. 1980களின் இறுதியில் ஏறத்தாழ 2,000 மெகாவாட் அளவுக்கு நிலையங்கள் எழுந்தன. அந்தச் சமயத்தில்தான் கிணறுகளில் அழுத்தம் இறங்கத் தொடங்கியது. போட்ட முதலுக்கே ஆபத்து வந்தது.

விஞ்ஞானிகள் கணக்குப் பார்த்தார்கள். பாறையின் சூடு தீரவில்லை, தண்ணீர்தான் தீர்ந்துகொண்டிருந்தது! எடுத்த நீராவியில் பெரும்பகுதி குளிர்விக்கும் கோபுரங்கள் வழியே காற்றில் போயிற்று. திரும்ப உள்ளே போனது கொஞ்சமே.

பரிகாரம் என்ன? ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்து, குழாய் வழியே மலைக்கு ஏற்றி, பூமிக்குள் செலுத்தினார்கள். 1997இல் லேக் கவுண்டியிலிருந்தும், 2003இல் சான்டா ரோசா நகரிலிருந்தும் தண்ணீர் வரத் தொடங்கியது. சான்டா ரோசா திட்டத்தின் அளவு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 4 கோடி லிட்டர். நீராவியின் சரிவு மட்டுப்பட்டது. மின் உற்பத்தி இன்றும் தொடர்கிறது.

தண்ணீரைக் கண்ட இடத்தில் கொட்டவில்லை. அடையாளப் பொருளைக் கலந்து அனுப்பி, அது எந்தக் கிணற்று நீராவியில் வெளிவருகிறது என்று ஆராய்ந்தார்கள். தண்ணீர் செலுத்துவதால் சிறு நில அதிர்வுகள் உண்டாகின்றன. அருகில் குடியிருப்போர் அதை உணர்கிறார்கள். ஆகவே கருவிகள் வைத்து இன்றும் கண்காணிக்கிறார்கள்.

நமக்கு இதில் பாடம் உண்டு. குடோன் சரக்கு பாறையின் சூடு போன்றது. ரொக்கம் தண்ணீர் போன்றது. ரொக்கம் வற்றினால் சரக்கு இருந்தும் பயனில்லை. ஆகவே மாதாமாதம் கொள்முதலுக்கான தொகையை முதலில் ஒதுக்கி வைப்போம். வீட்டுச் செலவைத் தனிப் பற்றாக எழுதுவோம். கல்லாவில் கை வைக்கும் முன் பேரேட்டைப் பார்ப்போம்.