மண்ணில் துயிலும் தலைமுறை

சென்னையிலிருந்து மேற்கே செல்லும் பெருவழியில் அமைந்தது திருப்பெரும்புதூர். இராமானுசர் 1017-இல் தோன்றிய ஊர் அதுவே. அவ்வூரையும் ஒரகடத்தையும் சூழ்ந்த நிலம் நெடுங்காலம் ஏரி நீரால் நெல்லையும், மேட்டுப் புன்செய்களில் மழையை நம்பி நிலக்கடலையையும் விளைத்து வந்தது. ஏரிகள் இன்றும் உள. புன்செய்கள் பல ஆலைகளாகவும் கிடங்குகளாகவும் மாறிவிட்டன. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்த் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கியது 1998-இல் ஆகும்.

தமிழ்நாட்டில் நிலக்கடலை பயிரிடுவோர் அஞ்சும் பகைகளுள் ஒன்று சிவப்புக் கம்பளிப்புழு. கோடை கழிந்து பெருமழை ஒன்று பெய்தால், சில நாளில் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெண்ணிறச் சிறகுடைய அந்துப்பூச்சிகள் கூட்டங்கூட்டமாக வெளிப்படும். ஒவ்வொரு பெண் அந்தும் நூற்றுக்கணக்கான முட்டைகளை இலைகளின் அடியில் குவியலாக இடும். பொரித்த புழுக்கள் ஒரு வயலை மொட்டையாக்கிவிட்டு, படைபோல் அடுத்த வயலுக்கு நகரும். உழவர் வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டுவர். இரவில் தீ மூட்டி அந்துகளை ஈர்த்து அழிப்பர். முற்றிய புழு வரப்போரத்திலும் மரநிழலிலும் மண்ணுட் புகுந்து கூட்டுப்புழுவாகும். அதன்பின் ஏறத்தாழப் பத்துத் திங்கள் அதற்கு உணவும் இல்லை, நடமாட்டமும் இல்லை. உயிர் மட்டும் உண்டு. அறிவியலார் இதற்கு இட்ட பெயர் வளர்ச்சி ஒடுக்கம். உறக்கம் என்றாலே பொருள் விளங்கும். கோடையில் ஆழ உழுதால் இவ்வுறங்கிகள் மேலே வந்து வெயிலுக்கும் காக்கைக்கும் இரையாகும் என்பதை அறிந்தே கோடையுழவை வற்புறுத்துகின்றனர்.

ஈண்டு நோக்கத்தக்கது ஒன்று உண்டு. கூட்டுப்புழுக்கள் யாவும் முதல் மழைக்கே எழுவதில்லை. சில அடுத்த மழைக்குக் காத்திருக்கும். முதல் மழைக்குப் பின் வானம் பொய்த்தால், முந்தி எழுந்தவற்றின் குஞ்சுகள் தழையின்றி மடியும், பிந்தியவை பிழைக்கும். மழை தொடர்ந்து பெய்தாலோ, முந்தியவையே பெருகும். விழிக்கும் காலம் சூழலால் மட்டுமன்றி மரபணுவாலும் அமையும் என்பது பூச்சிகள் பலவற்றில் தெளிவாகியுள்ளது. அத்தகைய பூச்சிகளில் ஓராண்டில் ஒருவகை மரபணுவும் மற்றோராண்டில் பிறிதொரு வகையும் மேலோங்கும், இரண்டும் நிலைத்திருக்கும். உள்ள நெல்லையெல்லாம் ஒரே நாளில் விதைத்துவிடாமல், குதிரில் சிறிது நிறுத்திவைக்கும் குடியானவனின் முன்யோசனை போன்றது இது. ஆயினும் பூச்சிக்கு யோசனை ஏது? பிழைத்தவற்றின் கணக்கே அது.

உறக்கம் பல்லாண்டு நீளுமாயின் விளைவு இன்னும் வியப்பானது. அமெரிக்காவில் யூக்கா என்னும் செடியை நம்பி வாழும் சிற்றந்து ஒன்றின் புழுக்களைச் சேர்த்துவைத்துக் கண்காணித்தார் ஜெர்ரி பவல் என்னும் அறிஞர். அவற்றுட் சில 30 ஆண்டு கழித்தும் அந்தாக வெளிப்பட்டமையை அவர் 2001-இல் எழுதினார். முப்பது ஆண்டுக்கு முன் வாழ்ந்த தாயின் மரபணு, இன்று பிறந்தவற்றின் மரபணுவோடு கலக்க இயலும் என்பது இதன் பொருள். கொடிய பஞ்சம் ஒன்றில் மேலே திரிந்த பூச்சிகள் யாவும் அழிந்தாலும், இழந்த மரபணு வேறுபாடுகளை உறங்கிய கூட்டம் மீட்டுத் தரும்.

அதே சேமிப்பு மாற்றத்துக்குத் தடையாகவும் நிற்கும். பூச்சிக்கொல்லி தெளித்த ஆண்டில் உறங்கிய புழுக்கள் அந்தச் சோதனைக்கு உட்படவில்லை. அவை பின்னர் எழுந்து, நஞ்சைத் தாங்கித் தப்பியவற்றோடு கூடும்போது, தாங்கும் மரபணுவின் பங்கு குறையும். ஆதலின் நஞ்சுக்கு அஞ்சாத இனம் உருவாவது தாமதப்படும்.

இதற்கு மாறான வழியும் இயற்கையில் உண்டு. மேகாலயத்தின் ரி-போய் மாவட்டத்தில் நியாங்தாசெர் என்னும் சிள்வண்டு நான்காண்டுக்கு ஒருமுறை திரளாக வெளிவருகிறது. 2014, 2018, 2022 ஆகியன அத்தகைய ஆண்டுகள். மண்ணுள் அது கழிக்கும் காலம் உறக்கமன்று. வேர்ச்சாற்றை உண்டு மெல்ல வளரும் காலம். காலந் தவறித் தனியே எழும் வண்டுக்குத் துணை கிடைத்தல் அரிது. பறவைக்கு இரையாதல் எளிது. ஆகவே அங்கே ஒருங்கே எழுதலே வெல்லும்.

திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் மேல்மண்ணை வாரிக் கற்காரை பரப்பிய இடங்களில், தீய பூச்சியாயினும் நல்ல பூச்சியாயினும், மண்ணில் துயில இடமில்லை. ஆனால் நீர்த்தொட்டியும் பிளாஸ்டிக் பீப்பாயும் பழைய டயரும் உள்ள இடங்களில் வேறோர் உறங்கிக்கு இடம் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, கலத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டை நீரின்றிப் பல திங்கள் உலர்ந்து கிடந்தும் உயிரோடிருக்கும். ஒருமுறை நனைந்தவுடன் எல்லாம் பொரிப்பதும் இல்லை. டயர்களில் ஒட்டிய இத்தகைய முட்டைகளே கொசுக்களைக் கடல் கடத்தின. 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பரவியிருக்கக் கண்ட ஏடிசு இனமாகிய புலிக்கொசு, ஆசியாவின் குளிர்நாட்டிலிருந்து வந்தது என்பதற்கு அதன் முட்டைகளின் குளிர்கால உறக்கமே சான்றாயிற்று. வெப்பநாட்டுப் புலிக்கொசுவுக்கு அவ்வுறக்கம் இல்லை. அங்குச் சென்று ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குள், வடக்கே வாழ்வன ஒருகாலத்திலும் தெற்கே வாழ்வன வேறொரு காலத்திலும் உறங்கத் தலைப்படுமாறு அதன் மரபு மாறியது.

கொசுவை ஒழிக்கப் புகையடிக்கும்போது பறக்கும் கொசு சாகும். சுவரில் ஒட்டிய முட்டை சாகாது. தொட்டியிலுள்ள நீரைக் கொட்டினாலும் அது போகாது. உட்சுவரைத் தேய்த்துக் கழுவினால்தான் போகும்.