மண்ணுக்கும் ஒரு போர்வை: வீட்டுத் தோட்டத்தில் மூடாக்கு



சென்ற ஆண்டு மழைக்காலம் தொடங்கும் முன் நம் அறக்கட்டளை சார்பில் வீடு வீடாகக் கத்தரி, மிளகாய், தக்காளி நாற்றுகளும் முருங்கைப் போத்துகளும் கொடுத்தோம். மழை இருந்தவரை எல்லாம் செழித்து வந்தன. மார்ச் மாத வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தபோது பெரும்பாலான கொல்லைகளில் முருங்கை மட்டுமே நின்றது. கத்தரியும் தக்காளியும் காய்ந்து குச்சியாகிவிட்டன.

"தண்ணீர் ஊற்றவில்லையா?" என்று கேட்டோம். ஒரு சகோதரிக்கு வருத்தம் வந்துவிட்டது. "காலையிலும் ஊற்றினேன், அஸருக்குப் பிறகும் ஊற்றினேன். குடம் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்குகிற வீட்டில் இதற்கு மேல் என்ன செய்வது?" என்றார். அவர் சொன்னது நியாயம். தவறு எங்களிடம்தான் இருந்தது. நாற்றைக் கொடுத்தோமே தவிர, மண்ணைக் காக்கும் வழியைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அதே தெருவில் இன்னொரு வீட்டில் வாதாமரத்தடியில் ஒரு மிளகாய்ச் செடி மட்டும் பச்சையாக நின்றது. அந்த மூலையை யாரும் பெருக்கவில்லை. உதிர்ந்த இலைகள் செடியைச் சுற்றி நாலு விரல் உயரத்துக்குக் கிடந்தன. சருகை விலக்கி விரலை விட்டுப் பார்த்தோம். மண் ஈரமாக இருந்தது. இரண்டடி தள்ளி வெறும் மணல் சுட்டது. இந்த மாதப் பாடம் அந்த மூலையில் நாங்கள் கற்றதுதான்.

மூடாக்கு என்றால் என்ன?

செடியைச் சுற்றியுள்ள மண்ணின் மேல் சருகு, வைக்கோல், தென்னை மட்டை போன்றவற்றைப் பரப்பி மூடுவதே மூடாக்கு. இது எருவைப் போல மண்ணில் கலப்பதல்ல. மேலே கிடக்க வேண்டும்.

நாம் ஊற்றும் தண்ணீர் முழுவதும் செடிக்குப் போவதில்லை. ஒரு பகுதி வெயிலிலும் காற்றிலும் ஆவியாகிவிடுகிறது. ஒரு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் உள்ள பாத்தியிலிருந்து ஒரு மில்லிமீட்டர் நீர் ஆவியானால், அது ஒரு லிட்டர் நீர். கோடைக் காலத்தில், கடற்காற்றும் சேர்ந்தால், நனைந்த வெற்று மண்ணிலிருந்து ஒரே நாளில் இதைப் போலப் பல மடங்கு போய்விடும். மூடாக்கு வெயிலையும் காற்றையும் மண்ணில் நேரே படாமல் தடுக்கிறது. அதனால் ஈரம் தங்குகிறது, வேர்ப்பகுதி சூடேறுவதும் குறைகிறது.

நம் கடற்கரை ஊர்களுக்கு இதில் இன்னொரு நன்மையும் உண்டு. நம் கிணறுகளில் பலவற்றின் நீர் உவர்நீர். அந்த நீர் ஆவியாகும்போது உப்பு மண்ணின் மேலேயே தங்கிவிடுகிறது. பாத்தியில் வெள்ளையாகப் பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆவியாவது குறைந்தால் உப்பு மேலே சேர்வதும் குறையும்.

இவை தவிர, வெளிச்சம் படாததால் களை குறையும். மழைத்துளி மண்ணைத் தெறிக்கச் செய்து தக்காளியின் அடி இலைகளில் நோய் பரப்புவதும் குறையும். நாளடைவில் சருகு மக்கி மண்ணோடு சேரும். தண்ணீரைப் பிடித்து வைக்கும் சத்தில்லாத மணலுக்கு அந்த மக்கு பெரிய உதவி.

எதைப் பரப்பலாம்?

கடையில் எதையும் வாங்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நாம் குப்பையில் போடுவதும், தெருமுனையில் குவித்துக் கொளுத்துவதுமே போதும். அந்தப் புகையில் மூச்சுத்திணறலால் அவதிப்படும் பெரியவர்கள் ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் வைப்போம்.

சருகு: வேம்பு, பூவரசு, மா, வாதா, முருங்கை எதுவானாலும் நல்லது. வாதா இலை பெரியது. அப்படியே அடுக்கினால் தட்டுப்போல ஒட்டிக்கொண்டு தண்ணீர் இறங்க விடாது. கையால் நொறுக்கிப் போட வேண்டும்.

தென்னை: ஓலையை ஒரு சாண் துண்டுகளாக வெட்டிப் பரப்பலாம். தேங்காய் உரித்த மட்டையும் மிக நல்லது. ஆனால் மட்டையைக் கவிழ்த்து, அதாவது குழிந்த பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். மல்லாத்தி வைத்தால் அதில் நீர் தேங்கி டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். கொட்டாங்குச்சியைத் தோட்டத்தில் போடவே வேண்டாம்.

தென்னை நார்க்கழிவு: ஈரத்தை நன்றாகப் பிடிக்கும். ஆனால் உப்பு நீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்ததானால் அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பிறகே பயன்படுத்துங்கள். மழை நாளில் சாக்கோடு முற்றத்தில் வைத்தால் அந்த வேலையை மழையே செய்துவிடும்.

வைக்கோல்: கத்தரி, தக்காளிப் பாத்திக்கு ஏற்றது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன் குர்பானி ஆட்டுக்கு வாங்கிய வைக்கோலும் தழையும் மிஞ்சினால், உலர்த்தி எடுத்து வையுங்கள். ஆட்டுப் புழுக்கையைத் தனியாகச் சேர்த்து மக்க வைத்து எருவாக்கலாம். ஆனால் அறுத்த ஆட்டின் இரத்தமோ கழிவோ பாத்தியின் மேல் வரக்கூடாது. அதை ஆழக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். இல்லையேல் நாயும் ஈயும்தான் வரும்.

பிடுங்கிய களை: விதை பிடிக்கும் முன் பிடுங்கி, இரண்டு நாள் வெயிலில் வாட்டிய பின் போடலாம். கோரையின் கிழங்கும் அறுகின் தண்டும் மறுபடி முளைக்கும், அவை வேண்டாம்.

மரத்தூள், மரச்சீவல்: மேலாகப் பரப்பினால் கெடுதல் இல்லை. மண்ணோடு கலந்துவிட்டால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், செடி மஞ்சளாகும். பிளைவுட், மருந்தடித்த மரம், பெயின்ட் அடித்த மரம் ஆகியவற்றின் தூள் கூடாது.

அட்டைப்பெட்டி: பசைநாடாவைப் பிய்த்துவிட்டு, நனைத்து விரித்து, அதன் மேல் சருகு போட்டால் களை வராது. செய்தித்தாளையும் இப்படிப் பயன்படுத்துகிறார்கள். இங்கே நாம் கவனமாக இருக்க வேண்டும். அல்லாஹ்வின் திருப்பெயரோ, இறைவசனமோ, ஹதீஸோ அச்சான எந்தத் தாளும் காலடியில் போகக்கூடாது. பள்ளிவாசல் நாட்காட்டித் தாள், நிக்காஹ் அழைப்பிதழ், நீங்கள் கையில் வைத்திருக்கும் இந்த இதழ் எல்லாம் அதில் சேரும். தாளைப் புரட்டிப் பார்க்க நேரமில்லை என்றால் செய்தித்தாளை விட்டுவிட்டு வெற்று அட்டையை மட்டும் எடுங்கள்.

தவிர்க்க வேண்டியவை: சீமைக்கருவேலம், தைலமரம் இவற்றின் இலைகளுக்கு மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் தன்மை உண்டு. சீமைக்கருவேல நெற்று கலந்திருந்தால் பாத்தியிலேயே அது முளைத்தும் விடும். நோய் பிடித்த செடியின் இலை, புழு விழுந்த காய் ஆகியவற்றையும் போடாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பு பெரிய வயல்களில் பயன்படுகிறது. வீட்டுப் பாத்திக்கு அது தேவையில்லை. அது மக்குவதுமில்லை, மண்ணுக்கு எதையும் கொடுப்பதுமில்லை.

எப்படிப் போடுவது?

1. முதலில் களையை வேரோடு எடுங்கள். மக்கிய எரு இருந்தால் இப்போதே மண்ணில் கலந்துவிடுங்கள்.

2. மண் ஆழம் வரை நனையும்படி தண்ணீர் விடுங்கள். இதை மறந்தால் பயனில்லை. காய்ந்த மண்ணை மூடினால் காய்ச்சலைத்தான் மூடி வைக்கிறோம். கறையானும் சீக்கிரம் வரும்.

3. சருகை இரண்டு முதல் மூன்று அங்குல உயரத்துக்குப் பரப்புங்கள். நாலு விரலைச் சேர்த்து மண்ணில் ஊன்றினால் அந்த உயரம் தெரியும். ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் பாத்திக்குச் சுமார் 75 லிட்டர் சருகு பிடிக்கும். 25 கிலோ அரிசிப் பையில் நிரப்பினால் இரண்டு மூன்று பைகள்.

4. தண்டைச் சுற்றி மூன்று விரல் இடம் விடுங்கள். ஈரச் சருகு தண்டில் ஒட்டிக் கிடந்தால் தண்டு அழுகும். பலரும் செய்யும் தவறு இதுதான்.

5. அடுத்த முறை தண்ணீர் விடும்போது, விட்டிருக்கும் அந்த இடைவெளியில் மெதுவாக ஊற்றுங்கள். சருகின் மேல் தெளித்தால் சருகு மட்டும்தான் நனையும்.

6. வழக்கப்படி தினமும் ஊற்றாதீர்கள். சருகை விலக்கி விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்று விட வேண்டாம். மூடாக்கு போட்ட பிறகும் முன்போலவே ஊற்றினால் வேர் அழுகும்.

7. சருகு மக்கி அமுங்கியதும் மேலே புதிதாகச் சேருங்கள். பழையதை அள்ளி எறிய வேண்டாம். அது இப்போது எரு.

கீரைப் பாத்திக்கு மட்டும் முறை வேறு. விதைத்தவுடன் கனமாக மூடினால் முளை மேலே வராது. கீரை நாலு விரல் உயரம் வளர்ந்த பிறகு வரிசைகளுக்கு இடையில் நொறுக்கிய சருகை மெல்லியதாகத் தூவுங்கள். மாடியில் தொட்டியிலும் பையிலும் வளர்ப்பவர்களுக்கும் இதே பாடம்தான். அங்கே ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம் போதும்.

கவனிக்க வேண்டியவை

வீட்டுச் சுவரையும் மரநிலையையும் ஒட்டிச் சருகைக் குவிக்காதீர்கள். கறையான் உள்ளே வர வழியாகும். ஒன்றரை அடியாவது தள்ளியிருக்கட்டும். சருகுக்குள் தேளோ பூரானோ இருக்கலாம். கையை விடும் முன் குச்சியால் கிளறுங்கள், பிள்ளைகளுக்கும் இதைப் பழக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மழையில் மூடாக்கை மெல்லியதாக்குங்கள். களிமண் கலந்த இடத்தில் பெருமழை நாட்களில் விலக்கியே வைக்கலாம். நத்தையும் மரவட்டையும் பெருகினால் மண் அதிகமாக நனைந்திருக்கிறது என்று பொருள்.

உளூவின் தண்ணீர்

நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் உளூச் செய்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உள்ள செய்தி. இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவே ஒரு முத்து. நம் வீட்டுக் குழாயைத் திறந்துவிட்டு நாம் எவ்வளவு செலவிடுகிறோம் என்பதை ஒரு நாள் வாளி வைத்துப் பிடித்துப் பாருங்கள். குறைப்பது முதல் கடமை. குறைத்த பிறகு வாளியில் விழுவதைச் சோப்புக் கலக்காமல் செடிக்கு விடலாம். ஐந்து வேளைத் தண்ணீரும் மூடாக்குப் போட்ட பாத்தியும் சேர்ந்தால், மிளகாயும் கத்தரியும் நிற்கும் ஒரு சிறு பாத்திக்காகத் தனியே குடம் வாங்கும் தேவை வெகுவாகக் குறையும்.

முஸ்லிம் ஒருவர் நட்டதிலிருந்து பறவையோ மனிதரோ கால்நடையோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக அமையும் என்ற கருத்துள்ள நபிமொழி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இடம்பெற்றுள்ளது. நட்டதோடு நம் வேலை முடியவில்லை. அது உயிரோடு நின்று காய்த்தால்தானே ஒருவர் உண்ண முடியும்?

வீட்டுப் பாடம்

பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுங்கள். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் ஒரே மண், ஒரே வகைச் செடி. ஒன்றில் சருகு, மற்றது வெறுமை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவு தண்ணீர் விட்டு, மூன்று நாட்கள் விடாமல் இருங்கள். மூன்றாம் நாள் மாலை இரண்டிலும் விரலை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நாங்கள் எழுதியதைவிட அந்த விரல் அவர்களுக்கு நன்றாகச் சொல்லிக் கொடுக்கும்.

இன்ஷா அல்லாஹ், வரும் மழைக்காலத்திலும் நாற்றுக் கொடுப்போம். இந்த முறை ஒவ்வொரு வீட்டுக்கும் நாற்றோடு ஒரு சாக்குச் சருகும் சேர்த்தே வரும். அதற்காக, தெருவில் பெருக்கும் சருகைக் கொளுத்தாமல் சாக்கில் கட்டி வையுங்கள். நம் பிள்ளைகள் வந்து எடுத்துக்கொள்வார்கள். நாற்று வாடிப்போன வீடுகள்தான் முதல் பட்டியலில் இருக்கும். அந்தச் சகோதரியின் வீட்டிலிருந்தே தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்றுக்கொள்வானாக, ஆமீன்.