குமிஹிமோ ஸ்டாண்ட் வீட்டிலேயே செய்யலாம்... டிரில் மெஷின் வாங்கும் முன் ஒரு கணக்கு

போன வீடியோல ஜப்பான்காரங்க பின்னுற குமிஹிமோ கயிறைப் பார்த்திருப்பீங்க. கிமோனோவோட இடுப்புப் பட்டை மேல கட்டுற ஒபிஜிமே, சாமுராய் கவசத் தகடுகளைக் கோத்த கயிறு எல்லாம் இந்தப் பின்னல் வகைதான். இதைப் பின்னுற வட்ட ஸ்டாண்டுக்கு மருதாய்னு பேர். ஒரு வட்டத் தட்டு, நடுவுல ஓட்டை, நாலு கால், அடியில ஒரு பலகை. அவ்வளவுதான் விஷயம்.

"இதைக் காசு கொடுத்து வாங்கணுமா, நாமளே செஞ்சுக்கலாமே"ன்னு தோணும். சரிதான். ஆனா பர்ஸ்ல ஓட்டை விழறதும் அங்கதான்.

மரம், பசை, உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 700 ரூபாய்னு வெச்சுக்குவோம். டிரில் மெஷின், ஹோல் சா, கிளாம்ப் வாங்க 3,300 ரூபாய். இந்த ஸ்டாண்டுக்கு மொத்தமே ஒன்பது ஓட்டைதான்! அதாவது ஒரு ஓட்டைக்கு 367 ரூபாய். இந்த 4,000 ரூபாயைக் கிரெடிட் கார்டுல தேய்ச்சுட்டு கட்டாம விட்டா, மாசம் 3% வட்டின்னாலே 120 ரூபாய் தண்டம். டிரில்லை நண்பர்கிட்ட இரவல் வாங்குங்க. இல்லன்னா தெருமுனை தச்சர்கிட்ட கொடுத்து ஓட்டை மட்டும் போட்டு வாங்குங்க. அடுத்தடுத்து மரவேலை செய்யப்போறவங்க தாராளமா வாங்கலாம், அது வேற கணக்கு.

அதுக்கும் முன்னாடி, கெட்டியான அட்டையை வட்டமா வெட்டி, ஓரத்துல 32 வெட்டு போட்டு, நடுவுல ஓட்டை போட்டுப் பின்னிப் பாருங்க. செலவு பூஜ்யம். ஒரு மாசம் கழிச்சும் ஆசை இருந்தா ஸ்டாண்டுக்குப் போகலாம்.

தட்டுக்கு என் சாய்ஸ் சப்பாத்திப் பலகை. வட்டமா, வழவழன்னு ரெடியா இருக்கும். அடிக்கால் இருந்தா கழட்டிடுங்க. நடுவுல 4 செ.மீ. ஓட்டை. பாதி ஆழம் ஒரு பக்கம், மீதியைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் துளைச்சா சிலாம்பு தெறிக்காது. ஓட்டையோட விளிம்பை உப்புத்தாளால நல்லா தேய்ங்க, இல்லன்னா நூல் மாட்டும். இதுல சோம்பேறித்தனம் வேண்டாம். கால் சொருகுற எட்டு ஓட்டையும் (மேல நாலு, கீழ நாலு) பலகையைத் தாண்டக் கூடாது. டிரில் பிட்ல டேப் ஒட்டி ஆழத்தைக் குறிச்சுக்குங்க. தரையில உட்கார்ந்து பின்ன 40 செ.மீ. உயரம் போதும். நாற்காலின்னா 65 செ.மீ. வேணும்.

நூல் சுத்துற எடைக்கட்டைக்குப் பேர் தமா. காலி நூல் ரீலோட ரெண்டு பக்கமும் இரும்பு வாஷர் வெச்சு போல்ட்டால இறுக்கினா வேலை முடிஞ்சது. எட்டும் ஒரே எடையா இருக்கணும், சமையல் தராசுல நிறுத்துப் பாருங்க. ஒவ்வொண்ணும் 70 கிராம்னா மொத்தம் 560. பின்னலோட அடியில தொங்குற பையில அதுல பாதி, 280 கிராம் நாணயம் போடுங்க. பையோட எடை கூடினா பின்னல் தளரும், குறைஞ்சா இறுகும்.

பசை போட்டதும் ஒரு நாள் அசைக்காம விடுங்க. நூல் மாட்டுறதை அடுத்த வீடியோல பார்க்கலாம்.