சோனா நதிக்கரையில் வழி தவறிய தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

இடப்பள்ளியிலிருந்து நீ எழுதிய நீண்ட கடிதத்தில் ‘விஷ்ணுபுரம்’ பற்றி மூன்றே வரி: பெயர்கள் ஏராளம், யார் யாரென்று பிடிபடவில்லை, நூறாம் பக்கத்தில் மூடியாயிற்று. அந்த மூன்று வரி மட்டும் கத்தரிக்கப்பட்டு இத்துடன் திரும்பி வருகிறது. தேதி போட்டு நாவலுக்குள் செருகி வை. அதற்குப் பின்னால் வேலை இருக்கிறது.

ஜெயமோகனின் அந்த நாவல் வந்தது 1997இல். எண்பதுகளில் உன் ஊருக்கு வடக்கே காசர்கோட்டில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்தவர் அவர். நாவலில் கற்பனையான கோயில் நகரம், சோனா என்ற செந்நிற நதி, மாபெரும் விஷ்ணு சிலை. ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்று மூன்று பகுதிகள். உன்னைத் திணறடித்தது இந்த வரிசைதான். கதைக்காலத்தில் முந்தியது இரண்டாம் பகுதி. முதல் பகுதியில் பழங்கதையாகவும் சடங்காகவும் காதில் விழுவதெல்லாம், கௌஸ்துபத்தில் ஞானசபை விவாதமாக, பௌத்தன் அஜிதனைப் போல ரத்தமும் சதையுமான மனிதர்களாக எழுந்து வரும். ஸ்ரீபாதத்திலேயே எல்லாம் புரிந்துவிட்டது என்பவரைக் கொஞ்சம் சந்தேகிக்கலாம்.

மேற்கிலும் இதே கதைதான். 1954இல் ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ முதல் பாகத்தைத் திறந்தவர்களை டோல்கீன் புகையிலையின் வரலாறு சொல்லி வரவேற்றார். அடுத்து பில்போ என்ற பாத்திரத்தின் 111ஆம் பிறந்தநாள் விருந்து. ஆபத்து இன்னதென்று தெரிவதற்குள் கதையில் பதினேழு வருடம் ஓடிவிடுகிறது!

கூட்டத்தில் ஒருவனைப் பிடித்துத் தொடரப் பழக, ஒருநாள் மட்டாஞ்சேரி அரண்மனைக்குப் போய் வா. 1555 வாக்கில் போர்த்துக்கீசியர் கட்டி, கொச்சி அரசருக்குக் கொடுத்தது. பின்னால் டச்சுக்காரர் பழுதுபார்த்ததில் பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. பள்ளியறைச் சுவர் முழுக்க ராமாயணம். விரற்கடை இடம்கூட விடாமல் உருவங்கள் நெருக்கியடிக்கும். வாசலில் நின்றால் காவியும் மஞ்சளும் பச்சையுமாக ஒரே கூட்டம், அவ்வளவுதான். பச்சை உடம்பு ராமனைத் தேடிப் பிடி. அவன் மறுபடி எங்கே வருகிறான் என்று சுவரோடு நகர்ந்து பார். தசரதன் வேள்வியில் தொடங்கிய கதை தானாகப் பிரிந்து வரும்.

நாவலில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள், கவிஞன் சங்கர்ஷணன். தன் காவியத்தோடு நகரத்துக்கு வருகிறவன். அவனை மட்டும் விடாதே. மற்றப் பெயர்கள் நழுவினால் நழுவட்டும். அகராதியைத் தேடி எழுந்திருக்காதே.

கௌஸ்துபம் முடிந்ததும் அந்தச் சீட்டை எடு. மூன்று வரிக்குக் கீழே இன்று தோன்றுவதை எழுதித் தபாலில் போடு. பழைய வரிகளை மட்டும் அடித்துவிடாதே.

அன்புடன்,
அண்ணன்