நேரத்திற்கு வாங்கும் கூலி

ஆபீஸ்களுக்கு கம்ப்யூட்டர் நெட்வொர்க் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: "ஹஜ்ரத், மணிக்கு இவ்வளவு என்று பேசிப் போனேன். ஒரே கேபிளின் இரு முனைகளையும் ஒரே ஸ்விட்சில் யாரோ செருகியிருந்ததால் நெட்வொர்க் முழுதும் நின்றிருந்தது. பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துக் கழற்றினேன். ஒரு மணி நேரத்துக்கு பில் போட்டேன். ஆகுமா?"

"ஒரு மணிக்குக் குறைந்து வாங்குவதில்லை என்று முன்பே சொன்னீரா?" என்றோம். இல்லையாம்.

சொல்லி, அவர்களும் சம்மதித்திருந்தால் குற்றமில்லை. ஆட்டோவின் மினிமம் போல, ஏறுமுன் தெரிந்த கூலி அது. சொல்லாமல் பத்தை அறுபதாக எழுதுவதோ தராசில் விரல் வைப்பதுதான். அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் 83-வது அத்தியாயம் 'அல்முதஃப்பிஃபீன்' தானியக்கடைக்கு மட்டும் இறங்கியதென எண்ணவேண்டாம்.

"பல வருஷம் கற்ற வித்தைக்கு விலையில்லையா?" என்பர். தாராளமாக உண்டு. மணிக்கூலியை உயர்த்திப் பேசி வாங்கட்டும். கடிகாரத்தில் ஒளித்து வாங்கவேண்டாம்.

நேரத்திற்குக் கூலி பேசுவது இஜாரா. பழுது எவ்வளவு நேரம் இழுக்குமோ தெரியாத இடத்தில், ஷாஃபிஈ மத்ஹபினருக்கு ஜுஆலா இருக்கிறது: சரிசெய்து கொடுத்தால் இன்ன தொகை. பத்து நிமிடமானாலும் அதே தொகை. நாலு மணியானாலும் அதே. வேலை முடியாவிட்டால் காசில்லை. (இக்கடைசி ஷரத்தைக் கேட்டதும் அவர் முகம் வாடியது!)

அதிகமாக வாங்கியதைப் பள்ளிவாசல் உண்டியலில் போட்டுவிடலாமா என்றார். கூடாது. உரியவர் கண்முன்னே இருக்கிறார். அவரிடமே விஷயத்தைச் சொல்லித் திருப்பிக் கொடுக்கவேண்டும், அல்லது அவர் மனமுவந்து ஹலாலாக்கித் தரவேண்டும்.